செம்பாக்கா தோட்டத்துக் கோயிலைத் தோட்டத்தில் தேடிய கதை

மேற்கத்திய இசை படிக்க மதுரையிலிருந்து கோலாலம்பூர் வந்து எட்டு மாதமாகிறது. இதுவரை ஊர் ஊராகப் போனதெல்லாம் கச்சேரி கேட்கத்தான். போன மாதம் மலாக்கா போனது மட்டும் வயலின் வாசிக்க. என் அறைத்தோழி கவிதாவுக்கு அவர்கள் குடும்பக் கோயில் திருவிழாவில் முதல் கச்சேரி, மாலை ஏழு மணிக்கு. மேடை என்றாலே நடுங்குகிறவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால்தான் பாடுவாளாம்; கட்டாயம் வருவேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். “செம்பாக்கா தோட்டத்துக் கோயில்னு கேளு, எல்லாருக்கும் தெரியும் லா” என்றாள்.

காலை எட்டு மணி பஸ். இரண்டு மணி நேரப் பயணம், பதினைந்து வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்). மலாக்காவில் சிவப்புக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு, குன்றின் மேல் இடிந்து நிற்கும் தேவாலயத்துக்கு ஏறினேன். வயலின் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் ஏறியது என் சொந்தப் புத்தி. கீழே கடல் தெரிந்ததும் கால்வலி மறந்துபோனது. பிறகு உம்பாய் என்ற கடலோரக் கிராமம். சுட்ட மீன் வாசனை ஆளைத் தூக்கியது. கோயிலில் வாசிக்கப் போகிறவள் என்பதால் இளநீரோடு எழுந்து வந்தேன். இன்னும் வருத்தம்தான்.

வரைபடத்தில் தோட்டத்தின் பெயரைப் போட்டு வாடகைக் கார் பிடித்தேன். மலாய் ஓட்டுநர் ஐந்தரைக்கு இறக்கிவிட்டுப் போனார். சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை மரங்கள்தான். கோபுரமும் இல்லை, மேளச் சத்தமும் இல்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அரை மணி நேரம் நடந்து, அழுகை வருகிற சமயத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை கண்ணில் பட்டது. ஓர் அக்கா தன் பழைய காரில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“கோயில் எங்க இருக்குக்கா?”

“ஐயோ பிள்ள, கோயில் இங்க இல்ல லா! சனங்க டவுனுக்குப் போனப்பவே சாமியையும் புக்கிட் பெருவாங்குக்குக் கொண்டு போயாச்சு. பேரு மட்டுந்தான் தோட்டத்துப் பேரு. நானும் அங்கதான் போறேன், காடில ஏறு.”

ஏறினேன். காடி என்று அவர் சொன்னது அந்தக் காரைத்தான். சைக்கிள்கள்கூட எங்களை முந்தின. “கொஞ்சம் வேகமா போலாமாக்கா?” என்று நான்கு முறை கேட்டிருப்பேன். “பால் அலம்பிடும் பிள்ள” என்பதே எல்லாவற்றுக்கும் பதில். ஏழு மணி ஆனபோதும் சாலையில்தான் இருந்தோம். மேடையில் தனியாக நடுங்கிக்கொண்டிருக்கும் கவிதாதான் கண்முன் நின்றாள்.

ஏழே காலுக்குக் கோயில் வாசலில் இறங்கினோம். “பால் வந்தாச்சு!” என்று கூட்டம் கூவியது. குருக்கள் அப்போதுதான் எழுந்தார். அபிஷேகமே இன்னும் தொடங்கவில்லை. அது முடிந்துதான் கச்சேரியாம்.

“நாம போகாம ஒண்ணும் ஆரம்பிக்காதுன்னு வழியிலேயே சொல்லியிருக்கலாமேக்கா?”

“நீ எங்க அத கேட்ட? வேகமா போ, வேகமா போன்னுதானே கேட்ட!”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்று மாலையில் அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மலேசியாவில் தோட்டத்துப் பெயருள்ள கோயிலுக்குப் போவதாக இருந்தால், கோயில் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மலாக்கா பஸ் நிலையத்திலிருந்து புக்கிட் பெருவாங் காரில் கால் மணி நேரம்கூட ஆகாது. நான் சுற்றியது பாதி மாநிலம்.

கவிதா மேடைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்தாள், சில்லென்றிருந்தது. “நீ வரலன்னா பாட மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்டி” என்றாள். வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தேன். எட்டரைக்குத் திரை விலகியது. ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள், பாடத் தொடங்கினாள். அதற்குப் பிறகு கச்சேரி முடியும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.