மாட்டுக்காக ஓடிய ஓட்டம்

அந்த ஓட்டத்தில் நான் இரண்டாவதாக வந்தேன். ஒரு வேட்டியும் ஒரு பித்தளைச் செம்பும் கொடுத்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது மாடு. அது முதலில் வந்தவனுக்குப் போய்விட்டது.

நீண்ட தூரம் ஓடினால் வாழ்க்கைக்குப் பாடம் கிடைக்கும் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். மலையேறிவிட்டு வந்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். கிடைக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஓடும்போது ஒரு பாடமும் கிடைக்காது. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். எனக்குப் பாடம் வந்து சேர ஓட்டம் முடிந்து நான்கு நாள் ஆயிற்று.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூரில் விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு நிலம் பிடித்து நெல் பயிரிட்டு வந்தேன். அந்த வருஷம் ஆனி மாதத்தில் என் ஏர் மாடு இரண்டில் ஒன்று சப்பை நோய் வந்து ஒரே நாளில் செத்துவிட்டது. புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே நிலத்துக்காரர் வந்து நின்றார்.

"ஆடி மொத மழைக்கு உன் ஏர் வயல்ல எறங்கணும். இல்லன்னா நெலத்த வேற ஆளுக்கு வுட்டுடுவேன். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காத" என்றார்.

ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு எப்படி உழுவது? இரவல் கேட்கலாம் என்றால், மழை விழுந்த வாரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டு மாடும் சும்மா நிற்காது. நிலம் போனால் நானும் என் மனைவியும் கூலிக்குத்தான் போக வேண்டும். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் தண்டோரா போட்டார்கள். ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரன் கொண்டாட்டம். அன்று பாகூர் மேர், அதாவது நகராட்சித் தலைவர், ஆபீஸ் வாசலிலிருந்து புதுச்சேரி கடற்கரை கலங்கரை விளக்கம் வரை ஓட்டப் பந்தயம். முதலில் வருகிறவனுக்கு ஒரு மிராசுதார் உழவு மாடு ஒன்று தருகிறாராம். கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர்.

"வண்டியில போனாலே வெயில்ல தலை சுத்துது. நீ ஓடப் போறியா?" என்று என் மனைவி கேட்டாள்.

"மாடு வேணுமா வேணாமா?" என்றேன்.

"மாடு வேணும். நீயும் வேணும்" என்றாள். அதற்கு மேல் தடுக்கவில்லை.

பன்னிரண்டு நாள் பாகூர் ஏரிக்கரையில் ஓடிப் பழகினேன். கரை மேலே ஓடி, சரிவில் இறங்கி, மறுபடி ஏறுவேன். வழியில் யாராவது சிரித்தால் கோபம் வரும், வேகமும் கூடும். கோபம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று அப்போது நம்பினேன். முட்டாள்தனம்.

பந்தயத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். எட்டுப் பேர் எங்கள் தெருக்காரர்கள். ஒன்பதாவது ஆள் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த சேரிக்காரன், கிறிஸ்தவ வேதக்காரன். தினமும் தலைச்சுமையோடு கடலூர் சந்தைக்குப் போய் வருகிறவன். அவனையும் எங்களோடு வரிசையில் நிறுத்தியது எங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? இடுப்பில் ஒரு சுரைக்குடுவையில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஓடப் போகிறானா, களை வெட்டப் போகிறானா என்று நாங்கள் கேலி பேசினோம். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிருமாம்பாக்கம் வரை நான்தான் முன்னால். அதைத் தாண்டினால் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் மண். அப்புறம் மறுபடியும் பிரெஞ்சு மண் வரும். எங்கள் பக்கத்து எல்லை அப்படித்தான், எலி கடித்த துணி மாதிரி. பந்தயம் வைத்தவர்கள் இதை மறந்தே போய்விட்டார்கள். இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில் சேவகன் மூங்கிலைக் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சோதனை போடணும், நில்லு" என்றான்.

என் உடம்பில் இருந்தது ஒரு அரை டவுசர். "இதுல இன்னாத்தய்யா ஒளிச்சி வெச்சிருக்கேன்? உன் அதிகாரத்த வேற எங்கனா போய்க் காட்டு" என்று கத்தினேன்.

"அப்பிடியா? நீ கடைசியா போ" என்று என்னை வெயிலில் ஓரமாக நிறுத்திவிட்டான்.

சேரிக்காரன் வந்தான். கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். தினமும் எல்லை தாண்டிப் பழகியவன் அல்லவா, ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். ஆனால் உடனே ஓடவில்லை. புங்க மரத்து நிழலில் நின்று குடுவையை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தான். என்னைப் பார்த்தான். கிட்டே வந்து குடுவையை நீட்டினான்.

"இந்தாங்க. இன்னும் ரொம்ப தூரம் கெடக்குது."

எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. அந்தத் தண்ணீர் வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கேட்டது. சுற்றிலும் பார்த்தேன். எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"போடா, உன் தண்ணிய எவன் குடிப்பான்?" என்றேன்.

அவன் குடுவையை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினான். முகம் கோணவில்லை.

என்னை விட்டபோது அவன் கண்ணுக்கே தெரியவில்லை. வெறி பிடித்த மாதிரி ஓடினேன். தவளக்குப்பத்தில் அவனைப் பிடித்துத் தாண்டியும் போனேன். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் கால் வைத்தபோது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. கண் இருட்டியது. பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். ஆறு முழுக்கத் தண்ணீர், அத்தனையும் கடல் உப்பு.

அவன் அதே வேகத்தில், தலைச்சுமைக்காரனின் சின்னச் சின்ன அடியில், என்னைக் கடந்து போனான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இந்த முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடித்திருப்பேன்.

மற்றவர்கள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டதால், நொண்டிக்கொண்டு போன எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. செம்பைப் பார்த்ததும் என் மனைவி, "தண்ணி குடிக்காம தோத்தவனுக்குப் பார்த்துதான் குடுத்திருக்காங்க" என்றாள். எங்கள் தெருக்காரர்கள் நடந்ததை முன்பே வந்து சொல்லியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் நல்ல மழை பெய்தது. மறுநாள் காலையில் எல்லார் ஏரும் வயலில் இறங்கிவிட்டது. நிலத்துக்காரர் ஆள் அனுப்பினார்: "இன்னிக்கு வுட்டுட்டேன். நாளைக்கு ஏர் எறங்கலன்னா வேற ஆளு வருவான்."

என்னிடம் நிலம் இருந்தது, ஒரு மாடு இருந்தது. ஜெயித்த சேரிக்காரனிடம் ஒரு மாடு மட்டும் இருந்தது. ஊரில் மாட்டுக்கு மாடு சேர்த்து உழுவது சாதாரணம். ஆனால் எங்கள் தெரு மாட்டையும் சேரி மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டி நான் பார்த்ததில்லை. மாதா கோயில் வரை போய்விட்டு இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாம் தடவை அதைத் தாண்டிச் சேரிக்குள் போனேன். மொத்தம் நாற்பது அடி தூரம் இருக்கும். ஏரிக்கரையில் பன்னிரண்டு நாள் ஏறியதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

அவன் வாசலில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். மாடு நல்ல மாடு, வெள்ளை.

"உன் மாட்டையும் என் மாட்டையும் சோடி சேக்கலாம்னு வந்தேன். வெளைச்சல்ல உனக்கும் பங்கு" என்றேன்.

அவன் மறுபடி உட்கார்ந்தான். தவிட்டைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். சேரியே பார்த்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. நிலத்துக்காக இல்லை, சாவடியில் சொன்ன சொல்லுக்காக.

"கொஞ்சம் தண்ணி குடு" என்றேன்.

அவன் கை நின்றது. "எங்க வூட்டுத் தண்ணியா?"

"தாகமா இருக்குப்பா."

அவனே உள்ளே போய், அதே சுரைக்குடுவையை எடுத்து வந்தான். வாங்கினேன். எல்லாரும் பார்க்க வாய் வைத்துக் குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

காலிக் குடுவையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான்.

"சாவடியிலயே குடிச்சிருந்தா மாடு உங்க வூட்ல இருந்திருக்கும்" என்றான். அப்புறம் மாட்டின் பக்கம் திரும்பி, "காலைல ஓட்டியாறேன். ஏர நாந்தான் புடிப்பேன்" என்றான்.

சரி என்றேன்.