ஏழாம் நம்பர் குழாய்

இது நடந்தது. அந்த ஐந்து நாட்களும் மெஷின் அச்சடித்துத் தந்த சீட்டுகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. தேதி, மணி, நிமிடம் எல்லாம் அதில் உண்டு. அவை மட்டும் இல்லையென்றால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நானே நம்பியிருப்பேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். எடுத்த ரத்தத்தை எத்தனை நாள் வைத்திருந்தால் சிவப்பணுப் பரிசோதனை தப்பாகப் போகும் என்று பார்க்க, எங்கள் மேடம் ஓர் ஆய்வு ஆரம்பித்தார். பத்துப் பேரின் ரத்தம் வேண்டும். ஆள் குறைந்தது. என் தம்பியை இழுத்து வந்தேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். வேன் ஓட்டுகிறவன். அன்று மதியமே காட்டுப்பாதை வழியாகச் சரக்கு கொண்டுபோக வேண்டும்.

"எல்லாத்தையும் உறிஞ்சிடாதேக்கா. வண்டி ஓட்டக் கொஞ்சம் மிச்சம் வை" என்றான்.

திங்கள் காலை 9:10. அவன் குழாய்க்கு ஏழாம் நம்பர். ஹீமோகுளோபின் 14.2. பத்துக் குழாய்களையும் மேசைமேலேயே வைத்தோம்.

செவ்வாய் 10:00. வெளியே வைத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் மெல்ல ஊதும். ஒன்பது குழாய்களிலும் ஊதியிருந்தன. ஆனால் ஹீமோகுளோபின் குறையாது. மூடிய குழாயிலிருந்து அது எங்கே போகும்?

ஏழில் அணுக்கள் ஊதவே இல்லை. இப்போதுதான் எடுத்த ரத்தம் போல இருந்தது. ஆனால் ஹீமோகுளோபின் 12.6.

சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது என்று பத்து முறை கவிழ்த்துக் கலக்கி மறுபடி போட்டேன். 12.6. பக்கத்து மெஷினில் போட்டேன். அதிலும் 12.6.

தம்பிக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

புதன் 10:00. 10.9. குழாயைக் கையில் எடுத்தவள் கீழே போடப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது... உள்ளங்கை போல.

மதியம் 2:00. 10.1.

அடிபட்டு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் இப்படி இறங்கும். இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

காவல் நிலையத்துக்கு ஓடினேன். "வண்டி ஓட்டறவங்க ரெண்டு நாள் பேசாம இருக்கறது சகஜம்மா" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். குழாயைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். தம்பியின் முதலாளி ஆள் அனுப்பித் தேடினார். முந்நூறு கிலோமீட்டர் பாதை. எங்கே என்று தேடுவது?

மேடத்தின் கையைப் பிடித்து அழுதேன். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மெஷின் கோளாறா இருக்கும். நீ வீட்டுக்குப் போ." அவர் குரலே அவருக்குக் கேட்டிருக்காது.

வியாழன் 10:00. 8.8.

1:00. 8.1.

4:00. 7.4.

எந்த வளைவில் கிடக்கிறானோ... தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரத்தம் கெடாமலிருக்க வேண்டுமென்றால் குளிரில் வைக்க வேண்டும்.

மாலை 5:40. ஏழாம் குழாயை ஃப்ரிட்ஜில் வைத்தேன். நாலு டிகிரி.

6:40. 7.4.

7:40. 7.4.

நின்றுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் தம்பியைப் பிடித்து நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளி காலை 8:30. 7.4.

8:50. ஃப்ரிட்ஜுக்குள் சத்தம்.

டக... டக... டக...

திறந்தேன். பக்கத்திலிருந்த நோயாளிகளின் குழாய்கள் அசையவில்லை. ஏழு மட்டும் ஸ்டாண்டில் நடுங்கிக்கொண்டிருந்தது.

மோட்டார் அதிர்வு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே எடுத்தால் மறுபடி இறங்குமே...

கதவை மூடினேன்.

11:15. டக...... டக.

11:32. சத்தம் இல்லை.

சனிக்கிழமை அவனைக் கண்டுபிடித்தார்கள். நாற்பதடிப் பள்ளத்தில் வேன். கால் நசுங்கிச் சிக்கியிருந்தது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"ரத்தம் நிறையப் போயிருக்கும்மா. ஆனா போகப்போகத் தானாவே நின்னிருக்கு. அதனால சாகலை. வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் உசிரு இருந்திருக்கும்."

"அப்புறம் எதனால?"

கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அந்தப் பக்கம் ஒரு வாரமா வெயில் கொளுத்துது. வேன் தகரத்துல கை வைக்க முடியலைன்னு தூக்கினவங்களே சொன்னாங்க. ஆனா..."

"ஆனா என்ன டாக்டர்?"

"உங்க தம்பி குளிர்ல விறைச்சுச் செத்திருக்கார்."