தவளைமீனுக்குத் தொட்டி

வடசேரியில் நான் கண்ணாடிக்கடை போட்ட புதிதில், கல்லூரி வாத்தியார் ஒருவர் மீன்தொட்டி வாங்க வந்தார். ஒல்லியான ஆள், எதையாவது உற்றுப் பார்த்தால் இமைக்கவே மாட்டார். தேங்காய்ப்பட்டணத்து வலையில் அகப்பட்ட தவளைமீன் ஒன்று அவர் கையிலிருந்த மண்சட்டிக்குள் கல்லைப்போலக் கிடந்தது. கைப்பிடி அளவு மீன். அவரோ சட்டியைச் சாண்போட்டு அளந்து, பெரிய தொட்டியைக் காட்டினார்.

"நீந்தாத மீனுக்கு இவ்வளவு பெரிசு எதுக்கு சார்?"

"அதைத்தான் தாரும் அண்ணாச்சி."

சாயங்காலம் கல்லூரியில் தொட்டியை வைத்துக் கடல்தண்ணீர் நிரப்பினோம். மீனை அள்ள நான் சட்டிக்குள் கைவிட்டதும் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"வெளிய எடுத்தா காத்தை முழுங்கிரும். பொறவு மெதந்தே செத்துப்போவும்."

சட்டியோடு தொட்டிக்குள் இறக்கினோம். கண்ணாடிக்கும் சட்டிக்கும் நடுவே என் விரல் நசுங்கியது, விடவில்லை. தண்ணீருக்கடியில் சட்டியைச் சாய்த்தோம். மீன் அசையவில்லை. செத்துவிட்டதென்றே நினைத்தேன். அவர் இமைக்காமல் நின்றார். கடைசியில் அது துடுப்பைக் காலாக ஊன்றி நடந்துவந்து, ஒரு மூலையில் உட்கார்ந்தது.

"இனி அந்த மூலை போதும் அதுக்கு. சட்டியோட வந்து எறங்கத்தான் இம்புட்டு எடம் வேணும்" என்று சொல்லி, அப்போதுதான் இமைத்தார்.

இன்றும் யாராவது தொட்டி கேட்டால், மீன் எதில் வருகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.