பூக்காரர் குரல் தாழ்த்திய வீடு

ஓசூரில் எங்கள் தெருவுக்குக் காலைதோறும் ஒரு பூக்காரர் மிதிவண்டியில் வருவார். தெருமுனையில் தெலுங்கில் கூவத் தொடங்கி, நடுவில் கன்னடத்துக்கு மாறி, நாங்கள் இருக்கும் வரிசைக்கு வரும்போது தமிழுக்கு வந்துவிடுவார். எந்த மொழியில் கூவினாலும் கூடையில் இருப்பது அதே மல்லிகையும் கனகாம்பரமும்தான். ஆனால் எங்கள் வாசலை நெருங்கும்போது மட்டும் அவர் குரல் அடங்கிவிடும். வண்டியிலிருந்து இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, சத்தமின்றி எங்கள் வீட்டைக் கடப்பார். அடுத்த வீட்டுச் சுவர் வந்ததும் குரல் மறுபடி எழும். பூ வாங்காத வீடு என்று தெரிந்துகொண்டு தொண்டையை மிச்சப்படுத்துகிறார் போலும் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

பூ வாங்காத வீடாக நாங்கள் ஆனது எங்கள் விருப்பத்தால் அன்று. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நான் இங்கு வந்து ஆண்டுகள் சில ஆகின்றன. மகன் முருகேசன் இங்கே வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். மருமகள் செல்வி. அவர்களுக்கு ஒரே மகள், ஊர் அம்மனின் பெயரைத் தாங்கிய கோமதி. அவளுடைய ஏழாம் வயதில் வயிற்றுக்குள் ஒரு கட்டி இருப்பதாகப் பெங்களூரில் கண்டுபிடித்தார்கள். அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் என ஓராண்டு போயிற்று. உடம்பின் காவல் முழுதும் தளர்ந்திருக்கும் காலம் என்பதால் வீட்டுக்குள் பச்சைப் பூ கூடாது, இலை கூடாது, வேகாத பண்டம் கூடாது, வெளியார் வரக்கூடாது என்று மருத்துவர் விதித்தார். செல்வி அதை வேதமாகக் கொண்டாள். சுவாமி படங்களுக்குச் சாத்தும் பூ நின்றது. அவள் கூந்தலிலும் பூ நின்றது. பொங்கலுக்கு மாவிலை கட்டவில்லை. தீபாவளிக்குப் புத்தாடை இல்லை. விடியுமுன்னே பெங்களூருக்குக் கிளம்பும் நாட்கள் மிகுந்தபோது வாசலில் கோலமும் நின்றது. பூவின்றி எப்படிப் பூசை செய்வது என்று நான் முதலில் கலங்கினேன். பிறகு சொல்லையே பூவாகத் தொடுத்துச் சாத்திய அடியார்களை நினைத்துக்கொண்டு, மாலைதோறும் விளக்கேற்றி அவர்களுடைய பதிகங்களை வாய்விட்டுப் பாடினேன். பிள்ளை படுத்திருந்த பின்னறை வரைக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகச் சற்று உரக்கவே பாடினேன்.

இந்த ஊரின் விசித்திரம் என்னவென்றால், எங்கள் வீட்டைத் தவிர எல்லா இடத்திலும் பூ இருந்தது. உத்தனப்பள்ளிச் சாலையில் போனால் பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்கள் வரிசையாக நிற்கும். உள்ளே ரோஜா. கப்பலும் விமானமும் ஏறிப் பெயர் தெரியாத தேசங்களுக்குப் போகிற ரோஜா. எதிர்வீட்டு ரத்தினம்மா அப்படி ஒரு குடிலில்தான் பூ அறுக்கும் வேலை செய்தார். தலைமுறைகளாக இந்தப் பக்கத்திலேயே வாழும் தெலுங்குக் குடும்பம். நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் ஒரு பிடி ரோஜாவைக் கொண்டுவந்து தந்தவர். சிகிச்சை தொடங்கிய பிறகும் ஒருமுறை தட்டில் குங்குமமும் பூவுமாக வந்தார். செல்வி கதவைப் பாதி திறந்து, கையை மட்டும் அசைத்து, வேண்டாம் என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள். அன்று முதல் அவர் வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தோம். நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் நோய் என்றால் தெருவே உள்ளே வந்து நின்று, என்ன ஏது, எந்த வைத்தியர் என்று துளைத்தெடுத்துவிடும். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் மொழிக்குள் அவரவர் ஒதுங்கிவிட்டார்கள் என்று எனக்கொரு மனத்தாங்கல் இருந்தது. அம்மன் ஊர்வலத்தின்போது எங்கள் வாசலுக்கு வந்ததும் மேளம் நின்று, நான்கு வீடு தாண்டித் தொடர்ந்ததைக்கூட அவமதிப்பாகவே எண்ணினேன்.

ரத்தினம்மா என்னிடம் கேட்டதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நீண்ட மருத்துவமனை வாசம் முடிந்து நாங்கள் வீடு திரும்பிய மறுநாள், நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எதிர்ப்புறத்திலிருந்தே அவர், இடுப்பளவு கையை வைத்துச் சிறு பிள்ளையின் உயரத்தைக் காட்டி, என்னவாயிற்று என்பதுபோல் விரல்களை விரித்தார். இரு கைகளையும் கூப்பி வானத்தை நோக்கிக் காட்டினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இவ்வாண்டு ஜூன் மாதம், மருத்துவர் சோதனைத் தாள்களையெல்லாம் பார்த்துவிட்டு, “இனிமே நார்மலா இருங்க, ஸ்கூலுக்கு அனுப்புங்க” என்றார். சாதாரணமாக இருங்கள் என்று ஒருவர் கட்டளையிட்டு அப்படி இருப்பது எவ்வளவு கடினம் என்பதை அதன்பின்தான் அறிந்தோம். பள்ளி திறக்கும் நாளில் செல்வி குழந்தைக்குச் சீருடை அணிவித்தாள். விரற்கடை அளவே வளர்ந்திருந்த முடியின்மேல் தொப்பி, முகத்தில் துணிக்கவசம். முருகேசன் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தான். பள்ளி ஆட்டோவுக்காக நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். கோமதி பகல் வெளிச்சத்தில் தெருவில் நின்றது, ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் அன்றுதான்.

எதிரே ரத்தினம்மா குடிலுக்குப் போகும் வண்டிக்காகத் தூக்குச்சட்டியுடன் வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். சட்டி கைநழுவிச் சாலையில் விழுந்து சோறு சிதறியது.

“அய்யோ தேவுடா! பாப்பாவா? உசுரோட இருக்குதா பாப்பா?”

அவர் ஓடிவந்து சாலையிலேயே மண்டியிட்டார். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி வாசலிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். எங்களுக்கு எதுவும் விளங்கவில்லை. “என்னம்மா சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“சாமி, நாங்க... பாப்பா போயிருச்சுன்னு நெனச்சோம் சாமி. ஆஸ்பத்திரிலேருந்து கார் வந்துச்சு, நீங்க எறங்கினீங்க, அம்மா எறங்குச்சு, பாப்பா எறங்கல. உங்க பையன் தலை மொட்டையா இருந்துச்சு. ஊருக்குக் கொண்டுபோய் எல்லாம் முடிச்சுட்டு வந்துட்டாங்கன்னு... வீட்ல பூ இல்ல, பண்டிகை இல்ல. தெனம் சாயங்காலம் நீங்க அழுவுற மாதிரிப் பாடுவீங்க. துக்கவீட்ல போய் எப்டி சாமி கேக்கறது?”

ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தது. மகளின் தலைபோலவே தன் தலையும் இருக்கட்டும் என்று முருகேசன் மழித்துக்கொண்டிருந்தான். அன்று காரைக் கேட்டுக்குள் விட்ட பிறகு, தூசி படாமல் இருக்க, உறங்கும் பிள்ளையைப் போர்வையோடு சுருட்டிப் படுக்கை மூட்டைகளுக்கிடையே தூக்கிச் சென்றான். அதன்பின் தெருவுக்குக் கேட்கும்படி ஒரு சொல் பேசும் தெம்பு கோமதிக்கு இருக்கவில்லை. இறைவன் விட்ட வழி என்று நான் வானத்தைக் காட்டியதை, பிள்ளை போய்விட்டாள் என்று ரத்தினம்மா கொண்டிருக்கிறார். ஓராண்டு பண்டிகை கொள்ளாத வீடு, பூச்சூடாத பெண், தலை மழித்த ஆண், மாலையில் பதிகம்: நம் தெற்கத்தி ஊரில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்திருந்தால் நானும் வேறென்ன நினைத்திருப்பேன்? இவர்கள் ஒதுங்கியிருக்கவில்லை, துக்கம் காத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு எங்கள் பக்கம் வெடி வைக்காதே என்று பிள்ளைகளை அதட்டியிருக்கிறார்கள். மேளத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பூக்காரர் குரலைத் தாழ்த்தியிருக்கிறார். உயிரோடு இருந்த ஒரு பிள்ளைக்காக ஒரு தெரு முழுதும் ஓராண்டு தலைகுனிந்து நடந்திருக்கிறது.

ரத்தினம்மா கோமதியைத் தொடப் பயந்தவராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, ஒரு காலைத் தூக்கித் தரையில் ஓங்கி வைத்தாள்.

“நான் பேய் இல்ல ஆன்ட்டி. பாருங்க, என் காலு தரையில இருக்கு.”

அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவே யாரோ சிரித்துவிட்டார்கள். ரத்தினம்மாவும் சிரித்தார். “செத்ததா நெனச்ச புள்ளைக்கு ஆயுசு கெட்டிம்மா. நூறு வருசம் இருப்பா” என்று செல்வியின் கையைப் பிடித்தார். செல்வி கையை விடுவித்துக்கொண்டாள். பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். ஆட்டோ வந்து, சற்று நின்று, போய்விட்டது.

அன்று முழுதும் செல்வி அடுக்களைச் சுவரில் சாய்ந்தே இருந்தாள். ஓராண்டாக அவள் வாயில் வராமல் காத்துவந்த ஒரு சொல்லைத் தெருவே சொல்லிவிட்டது. “எம்புள்ளய செத்துட்டான்னு நெனச்சிட்டே இருந்திருக்காங்க மாமா. இத்தன பேரு. தெனமும். அந்த நெனப்பு அவமேல படாதா?” என்றாள். நினைப்பால் நோய் வராது என்று சொன்னேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. இறந்த பிள்ளையைப் பாடி எழுப்பிய அடியார்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். உயிருள்ள பிள்ளையைப் பாடியே இறந்தவளாக்கியிருக்கிறேன். அதைவிட என்னை அரித்தது வேறொன்று. ரத்தினம்மாவுக்கு என் பாட்டின் சொற்கள் விளங்கியிருக்காது; குரல் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தக் குரலில் அவர் கேட்டது ஒருவேளை சரிதானோ? திருவடியில் ஒப்படைத்தேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த மாலைகளில், உள்ளுக்குள் முன்கூட்டியே இழந்துவிட்டிருந்தேனோ? அன்று மாலை விளக்கை ஏற்றினேன். வாய் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. செல்வியின் மைனி, அதாவது அவளுடைய அண்ணன் மனைவி. ஆடித் திருவிழாவுக்கு வரச்சொல்லி அழைப்பு. மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. “கோமுவுக்கு இப்ப சடை இடுப்பு வரைக்கும் வந்திருக்குமே! பூ வச்சுத் தைச்சு விடணும், கூட்டிட்டு வாட்டி!” செல்வி, “ஆமா மைனி. நல்லா இருக்கா மைனி” என்றாள். ஊரில் எவருக்கும் நாங்கள் நோயைச் சொன்னதில்லை. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது இந்தப் பேச்சு முன்னால் போய் நிற்குமே என்று குடும்பமாக எடுத்த முடிவு அது.

ரிசீவரை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையுமாக அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. “அங்க இவளுக்கு ஒண்ணுமே வரல. இங்க இவ செத்தே போயிட்டா. எம்புள்ளய நான் எந்த ஊருக்கு மாமா கூட்டிட்டுப் போவேன்?”

ஷிப்டு முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கேட்டிருந்த முருகேசன், முளைத்துவிட்ட தன் தலைமுடியைத் தடவிக்கொண்டான். பள்ளிப்பையைக் காலை முதல் முதுகிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்த கோமதிதான் பேசினாள்.

“ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போம்மா.”

மறுநாள் காலை வாசல் கதவு திறந்தது. ரத்தினம்மா முன்னதாகவே எதிரில் நின்றிருந்தார். கையில் ரோஜா இல்லை. தன் வீட்டுத் தொட்டியில் பூத்த கனகாம்பரம் நாலு காம்பு, வாழைநாரில் முடிந்து. “குடில் ரோஜாவுல மருந்து அடிச்சிருக்கும். இது என் தொட்டிப் பூ. தண்ணில அலசிட்டேன்” என்று, கேட்குமுன்னே சொன்னார். செல்வி அந்தப் பூவையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு கை நீட்டி வாங்கினாள். கோமதியின் தொப்பியை எடுத்து, பூவைக் குட்டை முடியில் வைத்தாள். அது நிற்கவில்லை, சரிந்தது. ரத்தினம்மா தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவித் தந்தார். ஊசி பற்றவும் முடி போதவில்லை. “வளரட்டும் ஆன்ட்டி, அப்புறம் வைக்கலாம்” என்று கோமதியே சமாதானம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

இதை எழுதலாமா என்று செல்வியிடம் கேட்டேன். ஒரு நாள் முழுதும் யோசித்து, எழுதுங்கள் என்றாள். ஆகவே தெற்கே இருக்கும் உறவினரே, கோமதிக்குச் சடை இல்லை. திருவிழாவுக்கு அவள் வந்தால் தலையைப் பாராது முகத்தைப் பாருங்கள். இன்னும் சில ஆண்டுகளுக்கு அவ்வப்போது பெங்களூருக்குப் போய்ச் சோதித்தாகவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தத் தாளைப் பிரிக்கும்வரை வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. மாலைப் பாட்டை நான் மீண்டும் தொடங்கிவிட்டேன். வாசலில் இருந்து பாடுகிறேன். கோமதியைப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறேன், தெரு பார்க்கும்படி.

பூக்காரர் இப்போது எங்கள் வாசலில் வண்டியிலிருந்து இறங்குவதில்லை. குரலையும் தாழ்த்துவதில்லை. செல்வி ஒரு முழம் மல்லிகை வாங்குகிறாள். ஆனால் உள்ளே கொண்டுவர இன்னும் அவளுக்குத் துணிவில்லை. வெளித் தாழ்ப்பாளில் சுற்றிவைத்துவிடுகிறாள். கதவைத் திறந்தால் பூ தெருப்பக்கம் ஆடுகிறது. மூடினால், இடுக்கு வழியாக அதன் மணம் மட்டும் உள்ளே வருகிறது.