எங்கள் வாசலுக்கு வராத நாய்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் எழுதியதை அடித்துத் திருத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கோலமும் அப்படித்தான். ஒரு தடவை இழுத்தால் இழுத்ததுதான். அழித்து அழித்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், இருக்கட்டும்.

பெரிய காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில் எங்கள் வீடு. நான் தறியில் உட்கார்ந்தவள் இல்லை. எனக்குப் பாவு பிணைக்கிற வேலை. பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல். தறியில் பழைய பாவு தீர்ந்தால் அதன் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று தப்பினாலும் புடவையில் கோடு விழும். என் கையில் ஒன்றும் தப்பியதில்லை. இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மன் பல்லக்கில் தெருவுக்குள் வருவாள். எல்லா வாசலிலும் நிற்க மாட்டாள். எட்டுப் பேர் தூக்குகிற கனம் அது. இத்தனை அடி நடந்தால் தோள் மாற்ற வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. தோள் மாற்றுவதற்காகப் பல்லக்கை முட்டுக்கட்டையில் நிறுத்துகிற இடத்தில்தான் தேங்காய், சூடம், அர்ச்சனை எல்லாம். எங்கள் தெருவில் அப்படி மூன்று இடங்கள். மூன்றாவது இடம் என் வாசல். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அம்மன் என் கோலத்தின் மேல்தான் நிற்கிறாள். ஊரில் ஆயிரம் சாமி இருக்கிறது, பெரிய பெரிய கோபுரமெல்லாம் இருக்கிறது. என் கோலத்தின் மேல் வந்து நிற்பது இவள் ஒருத்திதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் குடி வந்தார்கள். செவிலிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். இரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். நல்ல பிள்ளைகள்தான். வந்த வருஷமே சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதில் முந்திரிகூட இருந்தது. கூடவே ஒரு நாயும் வந்தது. வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று, ஏதோ வெளிநாட்டு ஜாதி. அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர். என் நாக்கில் அது வராது. வந்தாலும் கூப்பிடுவதாக இல்லை. அவர்கள் அதை நாய் என்று சொல்ல மாட்டார்கள், பையன் என்பார்கள். பையன் சாப்பிட்டான், பையன் தூங்குகிறான், பையனுக்கு ஏசி இல்லாமல் முடியாது.

அந்தப் பையன் வெளிக்குப் போவது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. காலை ஐந்தரை மணிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு இரண்டு பேரும் மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் அது தானாக வீடு திரும்பும். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் தெருவுக்குக் கண்டம். தன் வீட்டு வாசலில் மட்டும் ஒரு நாளும் அது உட்கார்ந்ததில்லை. அவ்வளவு நல்ல வளர்ப்பு.

நான் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டுக் காபி குடிக்க உள்ளே போவேன். டம்ளரைக் கழுவிவிட்டு வந்தால், கோலத்துத் தாமரைக்கு நடுவில் ஒரு மொட்டு வைத்ததுபோல வைத்துவிட்டுப் போயிருக்கும். சரியாக நடுவில். ஒரு நாள் காபியைத் தள்ளிப்போட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். வந்தது. மூன்று சுற்றுச் சுற்றி இடம் பார்த்தது. உட்கார்ந்துகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், நான்தான் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போய்ச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்த முகமாகக் கேட்டாள்.

"எங்க பையன் அப்படிப் பண்ணவே மாட்டான் பாட்டி. அவன் உங்க வாசலுக்கே வர்றதில்ல. வேற நாயா இருக்கும்."

நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவன் ட்ரெய்னிங் எடுத்தவன் என்றாள். அவள் புருஷன் போனை எடுத்துவந்து கேமரா படத்தைக் காட்டினான். அவர்கள் கேட்டைப் பார்த்து ஒரு கேமரா இருக்கிறது. நாய் வெளியே போகும்போது அவசரமாகப் போகிறது, திரும்பி வரும்போது சந்தோஷமாக வருகிறது. நடுவில் நடந்தது கேமராவுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அதை ஒரு கொட்டாங்கச்சியில் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கேட்டுக்கு முன்னால் வைத்தேன். அன்று சாயந்திரம் அந்தப் பெண் தெருவில் எல்லாரிடமும், பாட்டிக்கு வயதாகிவிட்டது, பாவம், ஏதேதோ செய்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன வருஷம் ஆடியில் நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மன் வருகிற வெள்ளிக்கிழமை. இருபத்தோரு புள்ளிக் கோலம் போட்டு, சுற்றிலும் செம்மண் கரை கட்டி, தட்டோடு நிற்கிறேன். நாதஸ்வரம் தெருவுக்குள் வந்துவிட்டது. தட்டில் சூடம் இல்லையே என்று உள்ளே போய் எடுத்துவந்தேன், அவ்வளவு நேரம்தான். பல்லக்கு என் வாசலுக்கு வந்தது. சாமி தூக்குகிறவர்கள் செருப்புப் போட மாட்டார்கள். முன்னால் வலது பக்கம் பிடித்தவன் நல்ல பக்தியோடு என் கோலத்தில் கால் வைத்தான். வழுக்கியது. பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அம்மன் பக்கத்து வீட்டு மாடியை எட்டிப் பார்ப்பதுபோல ஆகி, ஒரு மாலை நழுவிக் குருக்கள் தலையில் விழுந்தது. தூக்கியவர்கள் சமாளித்துவிட்டார்கள். ஆனால் கால் வைத்தவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சொன்ன வார்த்தைகளை அம்மன் கேட்டிருக்கவே வேண்டாம்.

தூக்குகிறவர்களுக்கு ஒரு தலைவர் உண்டு. கொத்தனார் வேலை செய்கிறவர், வார்த்தை மாறாதவர். அங்கேயே சொல்லிவிட்டார், அடுத்த வருஷம் தோள் மாற்றுவது பத்தடி தள்ளி என்று. பத்தடி தள்ளினால் என்ன இருக்கிறது? அந்த நாய் வீட்டுக் கேட். தெருவிலேயே சுத்தமான இடம் அதுதானே. நாய் அங்கே உட்காருவதே இல்லையே.

அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. எங்க வீட்டு வாசலில் சாமி நிற்கப் போகிறது என்று ஆபீசில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாளாம். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கொத்தனார் வீட்டுக்கே போனேன். இத்தனை வருஷமாக நின்ற இடம், என் காலம் வரைக்குமாவது இருக்கட்டும் என்று கேட்டேன். கெஞ்சவில்லை. கேட்டேன்.

"எனக்கு இன்னாமா வந்துது? வெறுங்கால்ல வர்றவனுங்க நாங்க. வெள்ளிக்கெழம விடியகாலைல வந்து பாப்பேன். வாசல் சுத்தமா இருந்துதுன்னா பழைய எடம். இல்லன்னா கேட்டாண்ட. அவ்ளோதான்."

ஒரு வருஷம் கையில் இருந்தது. முதலில் ஒரு அட்டையில் எழுதி வைத்தேன். நாய்க்குப் படிக்கத் தெரியாது சரி, அவர்களும் படிக்கவில்லை. தெருமுனை இட்லிக் கடைக்காரம்மாதான் நீலத் தண்ணீர் யோசனையைச் சொன்னாள். பாட்டிலில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றி வாசலில் வைத்தால் நாய் கிட்டே வராதாம். ஊரில் பாதி வீட்டில் வைத்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். வைத்தேன். நான்கு நாள் வெயிலில் நீலம் வெளுத்து, வெறும் தண்ணீராக நின்றது. நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, காலைத் தூக்கி, பாட்டிலுக்கும் ஒரு மரியாதை செய்துவிட்டுப் போனது.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். வேறு ஊர்க்காரி என்றால் இன்னும் இரண்டு சொட்டு நீலம் விட்டிருப்பாள். எனக்கு வெளுக்கிற சாயத்தைக் கண்டாலே ஆகாது. இந்த ஊரில் இருந்துகொண்டு கடைச் சாயத்தை வாசலில் வைப்பதா என்று ஒரு ரோஷம். நேரே சாயப்பட்டறைக்குப் போனேன். அந்தச் சாயக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னை வதினா என்றுதான் கூப்பிடுவார், அண்ணி என்று அர்த்தம். பட்டுக்குப் போடுகிற அரக்குச் சாயத்தில் மீந்தது இருந்தால் கொடு என்றேன். எதற்கு என்றார். நாய்க்கு என்றேன். கேனில் ஊற்றிக் கொடுத்தார்.

"கையில படாம பாத்துக்க வதினா. பட்டும் மயிரும் ஒரே ஜாதி. புடிச்சா வுடாது."

காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. நான்கு பெரிய குளிர்பான பாட்டில்களில் நிரப்பினேன். இரண்டுக்கு மூடி இல்லை, கழிவுப் பட்டு நூலைச் சுருட்டி அடைத்தேன். வெயில் பட்டதும் நான்கும் குங்குமமாக ஜொலித்தன. ஆடி பிறக்க நான்கு நாள் இருந்தது.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த வீட்டில் பையனுக்கு விளையாட்டுச் சாமானே காலி பாட்டில்தான். நான் காவலுக்கு வைத்ததை, அது தனக்காக வாங்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டது.

மறுநாள் காலை காபி பாதியில் இருக்கும்போது பாட்டில் உருளுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். வெள்ளை நாயைக் காணவில்லை. அரக்கு நிறத்தில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. மூக்கிலிருந்து வயிறு வரை, நான்கு காலும், ஒரு காதும். மாம்பழக் கலர் பார்டர் போட்டால் முகூர்த்தப் புடவைதான். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. வால் மட்டும் வெள்ளை. அப்புறம் தன் வழக்கப்படி சுற்றப் போய்விட்டது.

போன இடமெல்லாம் காலை வைத்தது. என் வாசலில் ஆரம்பித்து, எதிர்வீட்டுப் படி, தறிக்காரர் வீட்டுத் திண்ணை, இட்லிக் கடை, கோயில் குழாயடி என்று ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் மூன்று சுற்றுச் சுற்றின தடம், நடுவில் ஒரு மொட்டு. கடைசியில் அவர்கள் கேட்டைத் தாண்டி, வெள்ளை டைல்ஸ் ஏறி, வெள்ளை சோபாவில் முடிந்தது. நாங்கள் எல்லாரும் தெருவில் இறங்கித் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அதுவரை ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டுப் பூனையையும், வழியோடு போகிற பன்றியையும் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தவர்கள்.

அந்தப் பெண் ரத்தம் என்று நினைத்து, நைட்டியோடு நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாட்டு டாக்டர் துடைத்துப் பார்த்து, காயம் ஒன்றும் இல்லை, இது நல்ல கெட்டிச் சாயம், எந்தப் பட்டறை என்று கேட்டாராம். மூன்று தடவை குளிப்பாட்டினார்கள். நாய் பளபளப்பானதுதான் மிச்சம். அவள் கை இரண்டும் மருதாணி வைத்ததுபோல ஒரு மாதம் இருந்தது.

அன்று சாயந்திரம் புருஷன்காரன் என் வாசலில் வந்து நின்றான். தெருவே அவன் பின்னால் நின்றது.

"நாய்க்குப் போய் சாயம் பூசிட்டியே ஆயா. வாயில்லா ஜீவன்."

உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் உறுத்தல்தான். டாக்டர் சொன்னது காதில் விழும்வரை ஆட்டோ வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அதைத் தெருவுக்கு முன்னால் சொல்ல முடியுமா?

"உங்க பையன்தான் எங்க வாசலுக்கே வர்றதில்லையேப்பா. வேற எந்த வாசல்ல பூசிக்கினு வந்துதோ, போய் விசாரி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம்தான் சங்கதி. வெள்ளையாக இருந்தவரை அது வேற நாய். இப்போது காஞ்சிபுரத்திலேயே அரக்கு நாய் ஒன்றுதான். குழாயடியில் உட்கார்ந்தாலும் இட்லிக் கடையில் உட்கார்ந்தாலும் அடுத்த நிமிஷம் அந்த வீட்டுக் காலிங் பெல் அடித்தது. மூன்றே நாளில் அவன் சங்கிலி வாங்கிவிட்டான். காலை ஐந்தரைக்குத் தூக்கக் கலக்கத்தோடு, ஒரு கையில் நாயும் ஒரு கையில் கேரி பேக்குமாக நடக்க ஆரம்பித்தான்.

அம்மன் வருகிற வெள்ளிக்கிழமை வந்தது. என் வாசலில் மொட்டு இல்லை. ஆனால் நாயின் காலடி சிமெண்டில் ஊறிப்போய் அங்கங்கே சிவப்பாக நின்றது. சீயக்காய், சோடா மாவு, செங்கல் தூள், எதற்கும் அசையவில்லை. அதன் மேல் கோலம் போட்டால் சிவப்புத் தெரிகிறது. யோசித்து யோசித்து, ஒவ்வொரு காலடியையும் ஒரு புள்ளி என்று வைத்து அதைச் சுற்றியே இழுத்தேன். எந்த வரிசையிலும் வராத புள்ளிகள். இழை அறுந்துபோன பாவைப் பிணைப்பதுபோலத்தான் போட்டேன். அழிக்காமல் முடித்தேன்.

கொத்தனார் சொன்னபடி விடியற்காலையில் வந்தார். குனிந்து பார்த்தார்.

"இன்னாமா இது? புள்ளி ஒரு ஒழுங்கா இல்லையே."

"கால் வைக்க சுத்தமா இருக்குதா இல்லையா, அத சொல்லு."

பாதத்தால் தடவிப் பார்த்துவிட்டு, பழைய இடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பல்லக்கு என் வாசலில் நின்றது. அம்மன் நேராக நின்றாள். பத்தடி தள்ளி அந்தப் பெண், புதுப் பட்டுப் புடவை கட்டி, தேங்காய்த் தட்டோடு தன் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். இடம் மாறியதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. புடவை அரக்குதான். கடையில் யார் எடுத்துக் கொடுத்தார்களோ. அவள் முகத்தைப் பார்த்ததும் போன வருஷம் எனக்குச் சோறு இறங்காதது ஞாபகம் வந்தது. கூப்பிடலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், வாம்மா என்று வாய் கூப்பிட்டுவிட்டது. ஓடி வந்தாள். குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். புருஷன் பெயர் சொன்னாள், தன் பெயர் சொன்னாள், குரலைத் தாழ்த்திப் பையன் பெயரையும் சொன்னாள். நட்சத்திரம் என்ன என்றார் குருக்கள். அவள் தன் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் வலது பக்கம் பிடித்திருந்தவன், போன வருஷம் வழுக்கியவன், தலையைத் திருப்பாமலே சொன்னான்.

"சீக்கிரம் சொல்லும்மா. அவன் ராசி எனக்குத் தெரியும்."

பல்லக்கே குலுங்கியது. சிரிப்பில்தான், வழுக்கி இல்லை.

இப்போது ஐப்பசி. தினமும் காலையில் பக்கத்து வீட்டுக்காரன் நாயோடு என் வாசலைத் தாண்டும்போது வணக்கம் சொல்கிறான், நானும் தலையை ஆட்டுகிறேன். நேற்று நாய் கோலத்தை முகர வந்தபோது கிட்டத்தில் பார்த்தேன். கழுத்தில், காதடியில், மயிர் வேரிலெல்லாம் வெள்ளை கிளம்பிவிட்டது. தையில் முழுசும் வெளுத்துவிடும் என்று தோன்றுகிறது. அப்புறம் அது மறுபடி வேற நாய். சங்கிலி ஆணியில் தொங்கும்.

சாயப்பட்டறைப் பக்கம் போனபோது சாயக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். இந்தத் தடவை என்ன கலர் வதினா என்று கேட்டார்.