எல்லோருக்கும் இருபது மூச்சு

அறுவை சிகிச்சை வார்டில் அந்த நர்ஸுக்குச் சிட்டு என்று பெயர். ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், வாயும் ஓயாது. சூடு, ரத்த அழுத்தம் எல்லாம் கருவியே சொல்லிவிடும். மூச்சைத்தான் பக்கத்தில் நின்று, மார்பைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். நிற்க யாருக்கு நேரம்? ஆள் பார்க்க நன்றாக இருந்தால் கணினியில் இருபது என்று தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். அவள் மட்டுமா, வார்டே அப்படித்தான். அதனால் எந்தக் குடியும் மூழ்கியதில்லை.

ஒருநாள் வலி மருத்துவம் பார்க்கும் டாக்டர் நர்ஸ்களைக் கூட்டினார். புது வலி ஊசி மூச்சைக் குறைக்குமோ என்று அதுவரை பயந்து, போட்டவர்களுக்கெல்லாம் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி மாட்டிவைத்திருந்தார்கள்.

"ஊசி போட்ட அத்தனை பேர் பதிவையும் அலசிட்டோம். ஒருத்தருக்கும் மூச்சு குறையல. நீங்க தினமும் எழுதினதுதாம்மா ஆதாரம். இனிமே கருவி வேண்டாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். சிட்டு மட்டும் கைதட்டவில்லை. மறுநாள் அவள் தங்கைக்குப் பித்தப்பை ஆபரேஷன். அதே வார்டு, அதே ஊசி. வாயைத் திறந்தால் கூட வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஓயாத வாய் அன்று பார்த்து ஒட்டிக்கொண்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊசி போட்டதும் தங்கை அசந்து தூங்கினாள். சிட்டு மார்பையே பார்த்து எண்ணினாள். எட்டு. நம்பாமல் மறுபடி எண்ணினாள். ஏழு.

அதற்குள் டியூட்டியில் இருந்த நர்ஸ் தோழி ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "நல்லாத் தூங்குறாளே உன் தங்கச்சி" என்று சிரித்தபடி இருபது என்று தட்டினாள்.

"டாக்டரைக் கூப்பிடுடி!" சிட்டு போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அந்த வலி மருத்துவ டாக்டரே ஓடி வந்து மாற்று மருந்து ஏற்றினார். தங்கை இருமிக்கொண்டு கண் விழித்தாள். சிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

டாக்டர் திரையைப் பார்த்துக் குழம்பினார். "இப்போகூட இருபதுன்னுதானே இருக்கு?"

"அது மூச்சு இல்ல டாக்டர், எங்க பழக்கம். நீங்க அலசினதும் அதைத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும் காலையில அதே ஊசிதான். அவரும் நல்லாத் தூங்குறார். அவர் பக்கத்துல யாரும் உட்காரல டாக்டர், சீக்கிரம் வாங்க."