இடப்பக்கம் ஒரு கதவு

விரல் முட்டியால் தட்டுகிறார் வாரிக். தட்டிய இடத்தில் இடது காதை ஒட்டிவைத்துக் கேட்கிறார். ஒரு சாண் நகர்ந்து மறுபடி தட்டுகிறார். ‘டொக்’ என்றால் பலகைக்குப் பின்னால் கட்டை இருக்கிறது. ‘டம்’ என்றால் ஒன்றுமில்லை. மறு கையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டைகளை அடித்தவரே அவர்தான், எது எங்கே இருக்கிறதென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஆனாலும் ஈஸ்டர் நெருங்க நெருங்க, தினமும் காலையில் இதே தட்டல்தான். வெட்ட வேண்டிய ஆள் தட்டிக்கொண்டே இருந்தால், வெட்ட மனசில்லை என்று அர்த்தம். வேலிக்கு இந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டு நிற்கும் எனக்கே அது புரிந்துவிட்டது.

அவர் தட்டுவது ஒரு டிரெய்லர். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போவது. பண்ணை ஏலத்தில் எடுத்த இரும்புச் சட்டத்தின் மேல் தன் கையாலேயே பிளைவுட் பெட்டி கட்டி, கூரை போட்டு, பச்சை வண்ணம் அடித்தார். உள்ளே நீளவாக்கில் ஒரு மெத்தை, முன்சுவரில் தலைக்கு மேல் ஒரு குட்டி விளக்கு. வாசல் என்று பார்த்தால் பின்புறம் தூக்கித் திறக்கும் மூடி ஒன்றுதான். மூடிக்கு உள்ளே வைத்திருக்கும் அடுப்புப் பெட்டியின் மேல் ஏறி, முழங்காலால் ஊர்ந்து உள்ளே போக வேண்டும். ஈஸ்டர் வந்தால் எங்கள் ஹார்ஷமில் பாதி ஊர் மர்ரே ஆற்றங்கரையில் தங்கி மீன் பிடிக்கக் கிளம்பிவிடும். வாரிக்கும் அவர் மனைவி கிளெனிஸும் ஒரு வருடம்கூட விட்டதில்லை.

வாரிக் கோதுமை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் “எல்லாம் சரியாயிடும்” என்பார். மழை பொய்த்தாலும் அதுதான், என் வீட்டுக் கூரை ஒழுகினாலும் அதுதான். முட்டை, ஆட்டுக்கறி, ஒருமுறை நான் கொடுத்த இட்லி என்று எல்லாவற்றின் மேலும் தக்காளிச் சாஸை ஊற்றுவார். இட்லிக்கு நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் கிளெனிஸுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “ஊர்ந்து போற கதையெல்லாம் முடிஞ்சுபோச்சு. பக்கவாட்டுல ஒரு கதவு வை. இல்லன்னா ஆத்துக்கு நீ மட்டும் போ, நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.” வாரிக் சோதனைக்கு ஒரு முறை தனியாகவே போய்ப் பார்த்தார். மறுநாளே திரும்பி வந்தார், தூண்டில் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. “ஆத்துல தண்ணி சரியில்ல” என்றார். ஆறு என்ன செய்யும், பாவம்.

பிறகு ஓர் அமெரிக்கனின் காணொளியைப் பார்த்து, வலப்பக்கச் சுவரில் பென்சிலால் கதவு வரைந்தார். எதிர் வீட்டு டெஸ் நாயோடு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

“டேய் வாரிக், கிளெனிஸ் பேர்ல இன்சூரன்ஸ் எவ்வளவு போட்டிருக்க? நேரா லாரிச் சக்கரத்துக்கு முன்னாடி எறங்குற மாதிரி வரைஞ்சிருக்கியே!”

அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் போகும், அங்கே வலக்கதவு திறந்தால் நடைபாதை. இங்கே வண்டிகள் இடப்பக்கம், வலக்கதவு திறந்தால் நடுச்சாலை. வண்டிப் பதிவுச் சோதனையில் பார்த்த உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“ஆத்தங்கரையில ஏதுடா லாரி?” என்று முனகியபடி வாரிக் கோட்டை அழித்தார். டெஸ் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் உறுத்தியது. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவருக்கு எது சாலைப் பக்கம் என்று தெரியாதா?

இன்று வேலியைத் தாண்டிப் போய் நேராகவே கேட்டுவிட்டேன். “இடப்பக்கம் வெட்ட ஏன் இவ்வளவு யோசனை?”

குவளையைக் கீழே வைத்தார். “லாரி ஜன்னலத் திறந்து வச்சே ஓட்டுனதுல இந்த வலது காது செத்துப்போச்சுப்பா. முதுகு வேற போச்சு, மல்லாந்துதான் படுக்க முடியும். அவ எப்பவும் எனக்கு இடது கைப் பக்கம். ரெண்டு வருஷம் முந்தி ஆத்தங்கரையில அவளுக்கு மூச்சு எளைச்சுது. அவ எழுப்பல, எழுப்பவும் முடியல. விசில் மாதிரி சன்னமா ஒரு சத்தம், அதான் என்னைய எழுப்புச்சு.” சுவரைத் தடவினார். “கதவு இங்க வந்தா அவதான் கதவோரம் படுக்கணும். அப்ப என் செத்த காதுக்குப் பக்கம் வந்துடுவா, அதான் மொதல்ல அந்தப் பக்கம் வரைஞ்சேன். அவ மூச்சுக்குத் தவிப்பா, நான் கட்டை மாதிரி கெடப்பேன்.”

“கிளெனிஸ்கிட்ட சொன்னீங்களா?”

“என்னைய நோயாளி ஆக்காதேன்னு கத்துவா.”

கிளெனிஸ் அவருடைய வலப்பக்கம், இரண்டடி தள்ளி, பிஸ்கட் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். புல்லில் வந்த காலடி அந்தச் செத்த காதுக்குக் கேட்டிருக்காது. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கண்ணைக் காட்டினால் கிளெனிஸ் கண்டுபிடித்துவிடுவார், காட்டாவிட்டால் வாரிக் பேசிக்கொண்டே போவார்.

கிளெனிஸ் தட்டை என் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் போய் மூடியைத் தூக்கினார். துடைப்பக் கட்டையை உள்ளே விட்டு, முன்சுவரோரம் கிடந்த இரண்டு தலையணைகளையும் இழுத்தார். கால்மாட்டில், அடுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டார். கதவு வரப்போகும் இடப்பக்கம் தன்னுடையது, வலப்பக்கம் அவருடையது. மூடிச் சத்தம் கேட்டு ஓடி வந்த வாரிக் தலையணைகளையே பார்த்தார்.

“நான் கதவோரம், நீ இந்தப் பக்கம். தலைய இப்படி வச்சுப் படு கெழவா. இப்ப நான் உனக்கு எந்தக் கைப் பக்கம்?”

அவர் அங்கேயே கண்ணை மூடி, மனசுக்குள் மல்லாந்து படுத்துப் பார்த்தார் போலும். இடது கை மெதுவாக மேலே எழுந்தது.

“வெளக்கு அந்தக் கோடியில இருக்கே,” என்றார், தோற்றவர் குரலில்.

“கழட்டி இந்தக் கோடியில மாட்டு. இத்தன நாளா இதுக்குத்தான் சுவத்தத் தட்டிக்கிட்டுக் கெடந்தியா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

கண்ணாடியைத் துடைப்பதுபோல் வாரிக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

வாரிக் இடப்பக்கச் சுவரில் கோடு போட்டு, மின்ரம்பத்தை எடுத்து வந்து இணைப்புக் கொடுத்தார். அவர் பொத்தானை அழுத்துமுன் கிளெனிஸ் அவரைச் சுற்றிக்கொண்டு போய் இடது தோளை ஒட்டி நின்றார். ரம்பம் அலறத் தொடங்கியது. மரத்தூள் இருவர் மேலும் பறந்தது. கிளெனிஸ் கையை உயர்த்தி, கணவரின் இடது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டார். கதவுப் பலகை புல்லில் விழும்வரை எடுக்கவேயில்லை.